கோப்பி வாசம் அடித்த மல்லி

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மால். நான் வாங்கப் போனது குக்கர் ரப்பர். வாங்கி வந்தது பெர்ஃப்யூம்.

சிரிக்காதீர்கள். உங்களில் எத்தனை பேர் வாங்கப் போனதை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்... ஒருவரும் இல்லை. நல்லது. மேலே போவோம்.

இந்த மால்களில் ஒரு தந்திரம் உண்டு. நமக்கு வேண்டிய கடை எப்போதும் மூன்றாவது மாடியில், கடைசி மூலையில் இருக்கும். போகும் வழியெல்லாம் வேண்டாத கடைகள். அதிலும் கீழ்த்தளத்தில் வரிசையாகப் பெர்ஃப்யூம் கவுண்டர்கள். கையில் பாட்டிலோடு பெண்கள் நம்மைக் குறிவைத்து நிற்பார்கள். நான் வழக்கமாகப் போன் பேசுவதுபோல் நடித்துக்கொண்டே அந்த இடத்தைக் கடந்துவிடுவேன். அன்றைக்குப் பார்த்து, காதில் வைத்திருந்த போன் நிஜமாகவே அலறித் தொலைத்தது. திடுக்கிட்டு நின்றுவிட்டேன். மாட்டிக்கொண்டேன்.

"ஆன்டி, ஒரு தடவ ட்ரை பண்ணிப் பாருங்க. வாங்கணும்னு இல்ல லா."

தமிழ்ப் பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். சட்டையில் ஷர்மிளா என்று பெயர் அட்டை. என் நாடகம் அம்பலமானதைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்காகவே கையை நீட்டினேன்.

மணிக்கட்டில் ஒரு பீச்சு. முகர்ந்தேன். மல்லிகை... சந்தேகமே இல்லை.

"மல்லிதானே? கோயில் வாசல்ல கெடைக்கிறத எதுக்கும்மா பாட்டில்ல அடைச்சு வச்சிருக்கீங்க?"

"அவசரப்படாதீங்க ஆன்டி. இது மொதல்ல வர்ற வாசம். உங்க கை சூட்டுல பத்து நிமிஷம் இருக்கட்டும். உள்ள இன்னொண்ணு இருக்கு, அது மெதுவாதான் வெளிய வரும். அது என்னன்னு கரெக்ட்டா சொல்லிட்டீங்கன்னா ஒரு சாம்பிள் ஃப்ரீ."

இலவசம் என்றால் யார்தான் விடுவார்கள்? சரி என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். பாத்திரக் கடையில் குக்கர் ரப்பர்கள் வரிசையாகத் தொங்கின. என் குக்கர் ஐந்து லிட்டரா, ஏழு லிட்டரா? யோசித்துக்கொண்டே மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினேன்.

அப்படியே நின்றுவிட்டேன்.

மல்லிகைக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று மேலே வந்துகொண்டிருந்தது. சூடான ஒன்று. கருகப்போகிற சீனி. உருகுகிற மாஜரின். டிரம்மில் புரண்டு வறுபடுகிற கோப்பிக்கொட்டை. இது என்ன வாசம் என்று மூளை யோசித்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையில் குக்கர் ரப்பரோடு ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருத்தி கடைக்கு நடுவில் நின்று அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? விலையைப் பார்த்து அழுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அந்த மட்டுக்கும் நல்லது.

கீழே இறங்கி வந்து ஷர்மிளாவிடம் சொன்னேன்.

"கோப்பி. சும்மா கோப்பி இல்லம்மா, சீனியும் மாஜரினும் போட்டு வெறகடுப்புல வறுக்கிற கோப்பி."

"அலமாக்! எப்படி ஆன்டி? எல்லாரும் சாக்லேட்னுதான் சொல்வாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபுடிச்சதில்ல."

எப்படியா?

இந்தப் பக்கத்தை நீண்ட நாளாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் குளுவாங்காரி. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா பாக்கியம், குளுவாங் மார்க்கெட் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பூ விற்றவர். பூக்கடை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கடை வரிசைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு ஐஸ் பெட்டி, தலைக்கு மேல் கயிற்றில் நாலைந்து மாலைகள். அவ்வளவுதான் கடை.

மேசைக்கு நேர் பின்னால் ஒரு சந்து. சந்துக்குள் கோப்பி வறுக்கும் கொட்டகை. முதலாளி ஒரு சீனத் தவுக்கே. அங்கே டிரம் சுற்றி வறுக்கிறவர் என் அப்பா.

மார்க்கெட் வாசலிலேயே அம்மாவுக்கு இடம் கிடைத்தது. நல்ல இடம். போகிறவர் வருகிறவர் எல்லார் கண்ணிலும் படும். ஆனால் அம்மா இந்தச் சந்து முனையை விட்டு நகரவில்லை. ஏன் என்று கேட்டால் "அங்க வெயிலு" என்பார். இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது, முதுகுக்குப் பின்னால் விறகடுப்பு! புருஷன் பக்கத்தில் இருக்கிறார் என்பதை அந்தக் காலத்துப் பெண்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

காலை ஒன்பது மணிக்கு முதல் டிரம்மைத் திறப்பார்கள். குபுக்கென்று கிளம்பும் புகை சந்து வழியாக வந்து நேராக அம்மாவின் மேசை மேல் உட்கார்ந்துகொள்ளும். மல்லி இருக்கிறதே, அது பொல்லாத பூ. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். ஈரத்துணி போட்டு மூடிப் பார்த்தார் அம்மா. பிளாஸ்டிக் விரித்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன பாக்கியக்கா, பூவு கோப்பி வாசம் அடிக்குது? இது தலையில வைக்கிறதா, கலக்கிக் குடிக்கிறதா?"

வாடிக்கைக்காரப் பெண்கள் இப்படிக் கேட்டுவிட்டால் போதும், அப்பா சந்துக்குள்ளிருந்து தலையை நீட்டிவிடுவார்.

"மத்த எடத்துல பூ மட்டும்தாம்மா கெடைக்கும். நம்ம கடையில வாங்குனா பசியாறிட்டும் போலாம்!"

எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் வெட்கம் பிடுங்கித் தின்னும். ஏனென்றால் அந்தப் பூவை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள் நான். பெஞ்சில் உட்கார்ந்தவுடன் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "கோப்பிக் கடை வந்தாச்சு டோய்!" பதின்மூன்று வயதில் பூ வைப்பதையே நிறுத்திவிட்டேன். தலை வலிக்கிறது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். அம்மா அதை நம்பினாரா? நம்பியதுபோல் இருந்துவிட்டார்.

இன்றைக்கு அதே வாசத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, வெல்வெட் பெட்டியில் வைத்து, விலையைக் கேட்டால் மயக்கம் வருகிற மாதிரி விற்கிறார்கள். என்னைக் கிண்டல் செய்த பின் பெஞ்சுக்காரிகள் இதைப் படித்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. சரத்தைக் கட்டி முடித்ததும் முழம் போட்டு அளப்பார். அளந்து வெட்டியபின் கடைசியில் ஒரு துண்டு மிஞ்சும். கால் முழம்கூட இருக்காது. அதை விற்க முடியாது. அந்தத் துண்டை எடுத்து, பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் கொண்டையில் செருகிக்கொள்வார். நாள் முழுக்க இப்படியே நடக்கும். சாயங்காலம் கடை கட்டும்போது எட்டுப் பத்துத் துண்டுகள் சேர்ந்து கொண்டையே தெரியாது. தனக்கென்று ஒரு முழம் அவர் வெட்டி நான் பார்த்ததில்லை. மிச்சம்தான் அவருக்கு. ஆனால் அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு அம்மா ராணி மாதிரி நடந்து வருவார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்றார், அவ்வளவுதான். பதினாறாம் நாள் சொந்தக்காரப் பெண்கள் அம்மாவை நடுவில் உட்காரவைத்துச் செய்வதைச் செய்தார்கள். தலை நிறையப் பூவை வைத்து, அப்புறம் எடுத்தார்கள். பொட்டை அழித்தார்கள். நான் அப்போதே பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தேன். எதைப் பற்றி? பெண்கள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதைப் பற்றி! அப்படிப்பட்டவள் பக்கத்து அறையில் நின்று அழுதேன். அழுததோடு சரி.

ஒரு மாதம் கழித்து அம்மா மறுபடி மேசையைப் போட்டார். ஊரும் வழக்கம்போல வாங்கியது. அவர் கட்டிய பூ ஊரில் எல்லார் தலைக்கும் ஆகும். அவர் தலைக்கு மட்டும் ஆகாது. இது என்ன நியாயம் என்கிறீர்களா? நானும் எழுத்தில் கேட்டிருக்கிறேன், காரசாரமாக. ஆனால் நேரில் என்ன செய்தேன் தெரியுமா? இத்தனை வருடத்தில் இந்தப் பக்கத்தில் நான் எழுதாமல் ஒளித்து வைத்திருந்தது அது ஒன்றுதான்.

அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஜொகூர் பாருவிலிருந்து பஸ் ஏறினேன். குளுவாங்கில் இறங்கி நேராக அம்மாவின் மேசைக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஆறேழு பெண்கள் சுற்றி நிற்க, அம்மா குனிந்து முழம் போட்டுக்கொண்டிருந்தார். கொண்டையில் ஒரு துண்டு மல்லி.

எனக்குப் பகீரென்றது. பழக்கதோஷத்தில் கை போயிருக்கிறது, அம்மா கவனிக்கவில்லை என்று நினைத்தேன். யாராவது பார்த்து, ஏதாவது சொல்லிவிட்டால்? நாலு பேர் முன்னால் அவமானப்பட்டால் அம்மா தாங்குவாரா? யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும்...

"அம்மா, பூ!"

குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கை மெதுவாகக் கொண்டைக்குப் போனது. துண்டை எடுத்தார். மேசைக்கு அடியில் வாடலும் காம்பும் போடுகிற வாளி இருக்கும், அதில் போட்டார். "யாருக்கும்மா ரெண்டு முழம்?" என்று வியாபாரத்தைத் தொடர்ந்தார்.

அதற்குப் பிறகு அம்மாவின் தலையில் நான் பூவைப் பார்க்கவே இல்லை. அம்மாவை ஒரு அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். போகப் போக அந்த நினைப்பு கசந்தது. மகளே ஊரோடு சேர்ந்துகொண்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் அதைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்படிப் பேசுவது? இருபத்தோரு வருடம் ஓடிவிட்டது.

இப்போது புரிகிறதா, அந்தப் பெர்ஃப்யூமை நான் ஏன் வாங்கினேன் என்று? தலையில் பூ வைக்கத்தானே கூடாது? பாட்டிலில் இருப்பதை அடித்துக்கொண்டால் யார் என்ன சொல்ல முடியும்? என் மூளை இப்படிக் குறுக்குவழியில் ஓடியது. ஷர்மிளா சொன்னபடி சாம்பிளைக் கொடுத்தாள், கூடவே பெரிய பாட்டிலையும் என் தலையில் கட்டிவிட்டாள். கெட்டிக்காரி.

மறுநாள் காலையில் குளுவாங் போனேன். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கடையை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. தம்பி வீட்டில் இருக்கிறார். நான் போனபோது தம்பி குடும்பம் வெளியே போயிருந்தது. அம்மா தனியாக டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, மணிக்கட்டில் ஒரு தடவை அடித்தேன்.

"என்னடி இது, கொசு மருந்தா?"

"மோந்து பாருங்கம்மா."

முகர்ந்தார். பூக்காரி மூக்கு அல்லவா? புருவம் மேலே போனது.

"மல்லி. ஆனா மொட்டு இல்ல, மலந்து ரெண்டு நாளான பூவு. இதப் போயி காசு குடுத்தா வாங்குன? நானா இருந்தா வாளியில போட்டிருப்பேன்."

எந்த ஊரிலோ யாரோ வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டு தயாரித்த வாசனை. குளுவாங்கில் ஒரே முகர்தலில் வாளிக்குப் போய்விட்டது!

"அவசரப்படாதீங்கம்மா. பத்து நிமிஷம் இருங்க" என்று ஷர்மிளா சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.

அம்மா டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை. ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கியவர், கையை இறக்கவில்லை. முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ரிமோட்டைத் தேடி எடுத்து டி.வி.யை அணைத்தார்.

"ஒங்கப்பா சட்டை" என்றார்.

நான் இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"டிரம்ம தொறந்து கொட்டிட்டு, வேர்வையோட நேரா எங்கிட்டதான் வருவாரு. பக்கத்துல வந்து நின்னா இதே வாசம். தள்ளி நில்லுங்க, பூவெல்லாம் கெட்டுப்போவுதும்பேன். ஒரு நாளாச்சும் தள்ளி நின்னாரா மனுஷன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வெட்கச் சிரிப்பு. எழுபத்தெட்டு வயதில் அம்மா வெட்கப்பட்டதைப் பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது. அப்பாவைப் பற்றி இப்படி அவர் பேசிக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! அந்தத் தைரியத்தில் நானும் ஆரம்பித்தேன்.

"அம்மா... அப்பா போன மறு வருஷம், ஒரு வெள்ளிக்கெழம. நீங்க பூ வச்சிருந்தீங்க. நான் வந்து சொன்னேன்... ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எல்லார் முன்னாலயும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. நீங்க பாட்டுக்கு மறந்து வச்சிட்டீங்க, யாராச்சும் ஏதாச்சும் சொல்லிடப் போறாங்களேன்னு பயந்துட்டேன். மன்னிச்சிடுங்கம்மா."

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"மறந்து வைக்கலடி. தெரிஞ்சுதான் வச்சேன்."

எனக்குப் புரியவில்லை. கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"ஒரு வருஷமா கை தன்னால கொண்டைக்குப் போவும். நான் புடிச்சுப் புடிச்சு எறக்குவேன். எத்தன நாளைக்குடி எறக்கறது? அன்னைக்கு, வர்றது வரட்டும்னு வச்சிட்டேன். காலையில ஏழு மணிக்கு வச்சது. மார்க்கெட்டே பாத்துச்சு. கோயில் கமிட்டிக்காரர் வூட்டம்மாகூட வந்தாங்க, ரெண்டு முழம் வாங்குனாங்க, சிரிச்சிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பதினோரு மணிக்கு நீ பஸ்ஸ விட்டு எறங்கி வந்த."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, கடை கட்டினேன் என்பதுபோலச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. என்னை அங்கேயே அடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

"ஏம்மா அப்பவே சொல்லல? என்னைய நல்லா நாலு வாங்கு வாங்கியிருக்கலாமே?"

"படிச்ச புள்ள, பேப்பர்ல எழுதற புள்ள. நீயே சொல்றேன்னா அப்ப அது தப்புதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

நாலு பேர் என்ன சொல்வார்கள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நாலு பேர் யாரப்பா, எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று இதே பக்கத்தில் எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்? சபாஷ் என்று நீங்களும் கடிதம் போட்டீர்கள். இப்போது கண்டுபிடித்துவிட்டேன். மற்ற மூன்று பேரைப் பற்றித் தெரியாது. ஒருத்தி ஜொகூர் பாருவிலிருந்து பஸ்ஸில் வந்தாள்.

அழுதேன். நன்றாகவே அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "இப்ப வைங்கம்மா, நான் ஓடிப்போயி வாங்கிட்டு வரேன்" என்று கார்ச் சாவியை எடுத்தேன்.

"எங்கடி வைக்கறது? ஏழு முடி இருக்கு. பூவ வச்சா பாரம் தாங்காம தல பின்னால சாஞ்சிடும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கொண்டை எனக்குத் தெரியும். அது இருந்த காலத்தில் நான்தான் அதை வெறுமையாக வைத்திருந்தேன். மன்னிப்பு கேட்டால் அம்மா கொடுத்துவிடுவார், ஆனால் போன வருடங்களை அவராலும் கொடுக்க முடியாது.

கிளம்பும்போது பாட்டிலை நீட்டினேன். "அங்க வச்சிட்டுப் போ" என்றார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாமி மேடைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு போனில் பேசும்போதெல்லாம் கேட்க நாக்கு துடித்தது. அடித்துக்கொண்டாரா, தூக்கிப் போட்டாரா, வீட்டுக்கு வந்த யாருக்காவது கொடுத்துவிட்டாரா? கேட்கவில்லை. அது அவர் விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்காக்கில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அம்மாவைக் கூட்டிப்போவது என் பொறுப்பு. கல்யாண வீடுகளில் அம்மாவின் இடம் எதுவென்று எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கடைசி வரிசை, ஓரத்து நாற்காலி. யாரும் அங்கே போய் உட்காரச் சொன்னதில்லை. அவராகவே போய் உட்கார்ந்துகொள்வார்.

காலை எட்டு மணிக்குத் தம்பி வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். கதவு திறந்தது. அம்மா வருவதற்கு முன்னால் வாசம் வந்தது.

அரக்குப் பட்டு. நெற்றியில் விபூதி. கையில் கைப்பை. நடந்து வரும்போதே பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பாட்டிலில் பாதி காலியாகியிருக்கும் போலிருந்தது. அம்மா முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தியவுடன் கார் முழுக்க மல்லி நெடி. என் கண் எரிந்தது, மூக்கு நமநமவென்றது. இன்னும் ஒன்றரை மணி நேரம் இப்படியே ஓட்ட வேண்டும்.

அம்மா பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. கையை மடியில் கோத்து வைத்துக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்தபடி, சின்னக் குரலில் கேட்டார்.

"ரொம்ப அடிச்சிட்டேனாடி?"

"இல்லம்மா. பத்தல. இன்னொரு தடவ அடிங்க."

கைப்பையைத் திறந்தார். பாட்டில் அதற்குள்ளேயே இருந்தது. கழுத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, போதாதற்கு என் தோளிலும் ஒன்று. மூடியை மாட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போவோமா? லேட்டா போனா முன்னால எடம் கெடைக்காது."

தும்மலைத் தங்காக் வரைக்கும் அடக்கிக்கொண்டு ஓட்டினேன்.